மஞ்சள் வார்

— அந்தப் பக்கம் போகாதே. இந்தப் பக்கம் வந்து நட.

— ஏன், உங்க இடது பக்கம் நடந்தா என்னவாம்?

— வண்டி வரும். எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி உனக்கு.

— சரி, சரி. இந்தாங்க, காதுல மாட்டிக் கதை கேக்கற உங்க செட்டு. நீங்க வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள நானே ரெண்டு வாங்கிட்டேன்.

— மஞ்சள் வாரா இருக்கே...

— வேற எப்படி இருக்கணும்?

— இல்ல, கறுப்பா இருக்கும்னு நினைச்சேன்.

— இதுக்கு முன்னாடி எங்க பார்த்தீங்க?

— எங்கயும் பார்க்கல. சும்மா ஒரு நினைப்பு. குடு.

— அந்தக் காதுல இல்ல. இடது காதுல மாட்டணும். கொக்கியையே அதுக்குத்தான் வளைச்சிருக்காங்க.

— யார் சொன்னது?

— கவுண்டர்ல இருந்த அம்மா. வலது காது ரோட்டுச் சத்தத்துக்கு வேணுமாம்.

— ...சரி. மாட்டியாச்சு. திருப்தியா?

— இன்னும் இல்ல. பந்தயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எத்தனை தடவை சொல்றது? பழைய சந்தையை முழுசா சுத்துறோம். கம்பத்துல இருக்கிற நம்பரை அழுத்தினா இது அந்த இடத்தோட கதையைச் சொல்லும். அதை நான் உனக்குத் திருப்பிச் சொல்றேன். ஒரு இடம் தப்பினாலும் நாளைக்குக் கிரேன்ல ஏறல. காது டாக்டர்கிட்ட வர்றேன்.

— தப்பலைன்னா?

— காதுங்கிற பேச்சே எடுக்கக்கூடாது. என்கிட்டயும் சரி, சூப்பர்வைசர்கிட்டயும் சரி.

— நாளைக்குத் தூக்கப் போறது என்ன?

— பாலத்துக்கு உத்தரம். இரும்பு.

— கீழ நின்னு வாக்கி-டாக்கில உங்களுக்குச் சொல்லப் போறது யாரு?

— தெரியாத மாதிரி கேக்கறியே. உன் தம்பிதான்.

— தெரியும். உங்க வாயால ஒரு தடவை வரட்டும்னு கேட்டேன்.

— ...ஒண்ணை அழுத்து.

— அழுத்திட்டேன். பேசுது. உங்களுக்கு?

— எனக்கும்தான். நடுவுல பேசாதே.

— ...

— ...முடிஞ்சுது. சொல்லட்டுமா? இது எடைக்கூடம். இந்தச் சந்தையில எந்த மூட்டையா இருந்தாலும் இங்க நிறுக்காம விக்கக்கூடாது. கள்ள எடை போட்டவனை அதோ அந்தத் தூண்ல கட்டிவெச்சு, போறவன் வர்றவன் எல்லாம் அழுகின காயை எறிவாங்க. போதுமா?

— அப்படியா சொல்லுச்சு?

— ஏன், உனக்கு வேறயா சொல்லுச்சு?

— இல்ல... நல்லா ஞாபகம் வெச்சு சொல்றீங்க. ஒண்ணையும் விடல.

— காது இருந்தா விடாது. வா, அடுத்தது தண்ணித் தொட்டி.

— தண்ணித் தொட்டின்னு எப்படித் தெரியும்?

— ...அதோ தெரியுதே. கண்ணும் இருக்கு எனக்கு.

— ரெண்டை அழுத்துங்க.

— அழுத்தியாச்சு.

— ...

— எதுக்குச் சிரிக்கிற?

— உங்களுக்குச் சிரிப்பு வரலையா?

— எனக்கு இதெல்லாம் சிரிப்பா வராது. ஏன் கண்ணை மூடிட்டு நிக்கிற?

— மூடச் சொல்லுச்சே. கேக்கலையா?

— கேட்டுச்சு. ரோட்டு நடுவுல கண்ணை மூடிட்டு நிக்க நான் என்ன கிறுக்கனா?

— எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் பேசிட்டிருக்கே.

— ...மீதி எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— புரியும்னு சொன்னேன். குதிரைங்க குடிச்ச தொட்டி. தண்ணி கெட்டு ஊருக்கே காய்ச்சல் வந்து, சந்தையை ஒரு வருஷம் பூட்டிட்டாங்க. செத்தவங்களை இந்தப் பக்கமாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. சரியா?

— சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்... ஏங்க, நில்லுங்க. நில்லுங்கன்னா...

— ஏய், சட்டையை விடு. கிழிஞ்சுடும்.

— பின்னால இடது பக்கமா வேன் ரிவர்ஸ்ல வந்துட்டிருக்கு. அவ்வளவு சத்தமா பீப் அடிக்குது. அந்த ஆள் ஜன்னல்ல தலையை விட்டுத் திட்டுறான் பாருங்க.

— பார்த்துட்டுதான் இருந்தேன்.

— முதுகுலயா?

— காதுல இது ஓடிட்டிருக்கு. வெளிச்சத்தம் எப்படிக் கேக்கும்?

— இது அப்பவே நின்னுடுச்சு. கேபின்லயும் ஸ்பீக்கர் இடது பக்கம்தானே?

— இடதுதான்.

— வலது பக்கம்?

— இன்ஜின். நீ என்ன போலீஸா? பந்தயம் காதுல மாட்டினதுக்குத்தான், கிரேனுக்கு இல்ல. மூணை அழுத்து.

— நீங்களே அழுத்துங்க. நான் இந்தச் சந்து வாசல்ல உக்காந்துக்கறேன்.

— அந்த வேனுக்கா இப்படி?

— அந்த வேனுக்குத்தான்.

— ...சரி, கேளு. இது கயித்துச் சந்து. ரெண்டு பக்கமும் கயிறு திரிக்கிறவங்க. ஒரு கோடையில தீப் பிடிச்சு இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் போயிடுச்சு. அந்தச் சுவர்ல கறுப்பா இருக்கே, அது அப்போ ஏறின புகை. குரலை அப்படியே தாழ்த்திச் சொல்றான் பாரு அந்த ஆள்.

— எந்த ஆள்?

— பேசற ஆள். வயசானவன் மாதிரி கனமான குரல்.

— ...கனமான குரல்.

— ஏன், இல்லையா?

— நான் ஒண்ணும் சொல்லலையே. மணிக்கூண்டு ஒண்ணுதான் பாக்கி. எந்திரிக்கணும், கையைக் குடுங்க.

— மெதுவா எந்திரி.

— நடங்க.

— ...வந்தாச்சு. நாலு. அழுத்தினேன்... ம்... ம்... முடிஞ்சுது. மணிக்கூண்டுக்கு மூணு பக்கம்தான் கடிகாரம். சந்தைப் பக்கம் மொட்டைச் சுவர். கட்டினவனுக்கும் வியாபாரிங்களுக்கும் சண்டை. எங்க மணியைப் பார்க்க உங்களுக்கு யோக்கியதை இல்லன்னு அந்தப் பக்கத்தை மட்டும் மூடிட்டான். அவ்வளவுதான். நாலும் சொல்லியாச்சு, ஒண்ணு தப்பல. இனிமே காதுன்னு வாயைத் திறக்கக்கூடாது.

— அதைக் கழட்டுங்க.

— எதுக்கு?

— கழட்டி வலது காதுல வெச்சு, திரும்ப நாலை அழுத்துங்க.

— ஜெயிச்சவனுக்கு எதுக்கு மறுபடியும்?

— எனக்காக. ஒரே ஒரு தடவை.

— ...

— என்ன சொல்லுது?

— ...யாருடி இது?

— கழுதை.

— என்னது?

— இந்தச் சந்தையில மூட்டை சுமந்த கழுதையாம். கீச்சுக் குரல்ல அதுதான் ஊரைச் சுத்திக் காட்டுது. குழந்தைங்களுக்குன்னு தனியா பண்ணின செட்டு. முதல் கம்பத்துலேருந்து என் காதுல கழுதைதான் பேசுது. தீ இல்ல, காய்ச்சல் இல்ல, கனமான குரலும் இல்ல. தொட்டிகிட்ட கண்ணை மூடி, வைக்கோல் வாசனை வருதான்னு பாருன்னு சொல்லுச்சு.

— வேணும்னே மாத்தி வாங்கியிருக்க.

— ஆமா.

— என்னை மடக்கறதுக்கு.

— நேத்து ஓவர்டைம்னு சொல்லிட்டு எங்க போனீங்க?

— ...யார் சொன்னா?

— கவுண்டர் அம்மா. நீங்க வண்டியிலேருந்து கை காட்டினதைப் பார்த்துட்டு, 'இவரா, நேத்து செட்டைத் தலைகீழாத் திருப்பி, வலது காதுல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தினாரே'ன்னாங்க. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உதட்டை அசைச்சுட்டே போனீங்களாம். பெரியவங்களுக்கான கறுப்பு செட்டை எடுத்து நீட்டினாங்க. வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.

— முதல் கம்பத்துலயே சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க என்னை உளற விட்டுட்டு வேடிக்கை பார்த்திருக்க.

— வேடிக்கை பார்க்கல. ஒரு இடத்துலயாவது 'எனக்குக் கேக்கல'ன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.

— சொன்னா அதோட முடிஞ்சுது. இத்தனை வருஷம் மேல உக்காந்துட்டு, இனிமே கீழ இறங்கி என்ன பண்றது? கேட்ல நின்னு வர்ற வண்டிக்குச் சலாம் போடவா?

— போடுங்க. போட்டா என்ன?

— உனக்கென்ன, சொல்லிடுவ.

— வியாழக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. வெச்ச சாப்பாட்டைத் தொடல. 'நிறுத்து, நிறுத்து'ன்னு வாக்கியில கத்திட்டே இருந்தானாம். கடைசியில ஹெல்மெட்டைக் கழட்டி ஆட்டினதைப் பார்த்துட்டுத்தான் நீங்க நிறுத்தினீங்களாம்.

— சொல்லிட்டானா...

— என்கிட்ட மட்டும். மாமாவுக்கு மானம் போயிடும், வெளிய மூச்சு விடாதேக்கான்னு கையைப் பிடிச்சுட்டான். நாளைக்கு லீவு போடுடான்னா கேக்கல. மாமா மேல இருக்கும்போது நான் கீழ நிக்காம வேற எவன் நிப்பான்னு என்னையே கேக்கறான்.

— இந்தா, பிடி.

— என்ன இது?

— கேபின் சாவி. காலையில அவன்கிட்ட குடுத்துடு. சூப்பர்வைசர்கிட்ட அவன் சேர்த்துடட்டும்.

— நீங்க?

— எந்த டாக்டர்னு நீயே பாரு, வர்றேன். ஆனா ஒண்ணு. வியாழக்கிழமைதான் முதல் தடவைன்னு அவன் நினைச்சுட்டிருக்கான். அவனுக்கு அது அப்படியே இருக்கட்டும். முதல் தடவை... நிறுத்துன்னு சொல்லிட்டு, நான் நிறுத்திட்டேன்னு நம்பி, அவன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருந்தான். அவன் நிமிர்றதுக்குள்ள இரும்பு அவன் முதுகைத் தாண்டிப் போயிடுச்சு.