மீன்கொத்திக் கலரு

அதா? அது கொட்டகைதான் மதினி, வேற ஒண்ணுமில்ல. தோட்டத்துக் கொட்டகை. கமலை வடம், மம்பட்டி, களைக்கொத்து, ஓட்டைச் சாலு, இதெல்லாம் போட்டு வைக்கிற எடமா இருந்துச்சு ஒரு காலத்துல. தேளு குடும்பம் நடத்துச்சு உள்ள. இப்ப நல்லாருக்குல்ல? வாரவக எல்லாரும் அதத்தான் கேக்குறாக. வீட்டு வாசக்கதவே உளுத்துப்போயிக் கெடக்கு, கொட்டகைக்கு எதுக்கு இம்புட்டுச் சோடனைன்னு.

இப்படி உக்காருங்க. தொவைக்கிற கல்லுதான், கழுவித்தான் கெடக்கு. ஆம்பளைக இப்ப எந்திரிக்க மாட்டாக, உங்க வீட்டுக்காரரு இன்னும் ரசத்துக்கே வரல. பேரையூருலருந்து கரி போட்டு ஓட்டுற பஸ்ஸுல வந்து, திருமங்கலத்துல எறங்கி மாறி, உடம்பெல்லாம் அலுப்பா இருக்கும். செத்தக் காத்து வாங்குங்க. தென்னங்காத்து.

பொண்ணுக்கு வயசு என்னன்னீக? பதினேழா. ம்.

மூத்த தாரம் எப்படித் தவறுச்சுன்னு உங்ககிட்ட என்ன சொன்னாக? மலைக்காய்ச்சலா. ஆமா. அண்ணன் தேயிலை மலையில இருக்கான், பாக்கப் போன எடத்துல காய்ச்சல் கண்டு... ஆமா, அப்படித்தான் சொல்றது. பேரு சொன்னாகளா? சொல்லலையா? சோலையம்மா. எனக்கு மூத்த ஓரகத்தி. நான் தங்கப்பொண்ணு, இந்த வீட்டுக்குச் சின்ன மருமக. உங்க மாப்பிள்ளைக்குத் தம்பி நல்லகாமனுக்கு வாக்கப்பட்டவ. மாப்பிள்ளைய நான் பெரியவருன்னுதான் சொல்லுவேன், பேரு சொல்றதில்ல.

பெரியவரக் கொறை சொல்ல எனக்கு வாய் வராது மதினி. கை நீட்டுனவரு இல்ல. மாட்டைக்கூட அதட்ட மாட்டாரு. வெத்தலைக் கட்டைக் கொண்டுக்கிட்டு மதுரைக்குப் போனா, சோலையக்காவுக்கு மல்லியப்பூ இல்லாமத் திரும்ப மாட்டாரு. அதைப் பாத்து நான் பொகைஞ்சிருக்கேன், இல்லேன்னா பொய்யி. புள்ளைதான் இல்ல. அவுக ரெண்டு பேருக்கும் அது பெருசாத் தெரியல, எங்க அத்தைக்குத்தான் தெரிஞ்சுச்சு. உள்ள உங்களுக்கு வெத்தலை மடிச்சுக் குடுத்தாகளே, அவுகதான், ராமக்கா அத்தை.

ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தி, தையில சோலையக்காவுக்கு இருமல் வந்துச்சு. வெத்தலைக் கொடிக்கால் ஈரம்னு சொன்னோம். மாசி முடிஞ்சும் விடல. பெரியவரு மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. டாக்டரு நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு, அவளை வெளிய உக்காரச் சொல்லிட்டு இவருகிட்ட மட்டும் பேசியிருக்காரு. இவரு வெளிய வந்து, சூடுதானாம் சோலை, எளநி குடிச்சாச் சரியாயிரும்னுட்டாரு. அவளும் நம்பிட்டா. திரும்புற வழியில புதுமண்டபத்துல வளையல் வாங்கிக் குடுத்திருக்காரு. வந்து என்கிட்ட கையை ஆட்டி ஆட்டிக் காட்டுனா.

என்ன நோவா? அதான் மதினி. எலும்புருக்கி. வாயால சொல்லக்கூடாதும்பாக. அன்னைக்கு எனக்கும் தெரியாது. பெரியவருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவளுக்கும் எனக்கும் தெரியாது.

அப்பத்தான் கொட்டகை வேலை ஆரம்பிச்சுச்சு. திடுதிப்புன்னு ஒருநாள் பெரியவரு உள்ள கெடந்தத எல்லாம் வெளிய எறிஞ்சாரு. சுண்ணாம்பு அடிச்சாரு, காய விட்டு மறுபடி அடிச்சாரு. ஊருக்குள்ள கேட்டவககிட்ட, சப்பான்காரன் குண்டு போட்டா பதுங்குறதுக்குன்னு சிரிச்சாரு. அந்தச் சமயம் பட்டணத்துலருந்து சனங்க மூட்டை முடிச்சோட ஓடியாந்துக்கிட்டிருந்த நேரம் பாருங்க, நம்புனாக. சோலையக்கா கேட்டதுக்கு, வெத்தலை அடுக்க ஒரு தனி எடம் வேணும்ல, வீட்டுப் பொகையில உனக்கு இருமல் கூடுது, நீ இங்க உக்காந்து நிம்மதியா அடுக்குன்னாரு. அவ மொகத்தப் பாத்திருக்கணுமே நீங்க.

அப்புறம் கேட்டாரு, கதவுக்கு என்ன கலரு அடிக்கன்னு.

அவளை யாரு மதினி அதுவரைக்கும் அப்படிக் கேட்டா? கட்டுற சேலைகூட அத்தை எடுத்துக் குடுக்கிறதுதான். ரெண்டு நாளு யோசிச்சா. என்கிட்ட வந்து, பச்சை சொல்லவா தங்கம், செவப்பு சொல்லவான்னு அரிச்சு எடுத்தா. பெறகு வாய்க்காக் கரையில மீன்கொத்தி உக்காந்திருந்ததப் பாத்துட்டு, அந்தா அந்த நீலம்னுட்டா. யுத்த காலத்துல பெயிண்டு எங்கிட்டுக் கெடைக்கும்? மண்ணெண்ணெய்க்கே சட்டி தூக்கிக்கிட்டு நிக்கிறோம். ஆனா அந்த மனுசன் மதுரையில கடை கடையா அலைஞ்சு ஒரு டப்பா கொண்டாந்துட்டாரு. ரெண்டு பேருமாச் சேந்துதான் அடிச்சாக. மேல இவரு, கீழ அவ. அவ மூக்குல நீலம், இவரு மீசையில நீலம். அவ சிரிச்ச சிரிப்பு கொடிக்கால் தாண்டிக் கேட்டுச்சு. நான் என் வீட்டுக்காரருகிட்ட, உங்க அண்ணனைப் பாத்துக் கத்துக்கங்கன்னேன். அவரு தலையத் தூக்கவே இல்ல. உரலைப் பாத்துக்கிட்டே நின்னாரு.

தரையை அவளே மொழுகுனா. ஆசாரிய வச்சு சொவத்துல ஒரு பலகை அடிச்சாக, கண்ணாடி மாட்ட ஒரு ஆணி. கயித்துக் கட்டில் ஒண்ணு புதுசாப் போட்டாக. வெத்தலை அடுக்க எதுக்குங்க கட்டிலுன்னு கேட்டா. அசந்தாப் படுத்துக்கன்னாரு. கதவுல கீழ ஒரு சின்னப் பலகை தனியாத் தெறக்கிற மாதிரி வச்சாக. அந்தா தெரியுது பாருங்க, அதான். அது எதுக்குங்கன்னா. பூனை வந்து போகன்னாரு. தாழ்ப்பாள ஆசாரி வெளிப்பக்கம் வச்சிருந்தான். உள்ள இல்லையான்னு கேட்டதுக்கு, அந்த மடப்பய மாத்தி வச்சுட்டான், பெறகு மாத்திக்கலாம்னாரு. பீங்கான் தட்டு ஒண்ணு, லோட்டா ஒண்ணு வாங்கியாந்தாரு. ஏன் ஒண்ணு, உங்களுக்குன்னு அவ கேட்டா. இவரு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு போயிட்டாரு.

அவ எதையுமே சந்தேகப்படல. புருசன் மேல யாரு சந்தேகப்படுவா?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில, பால் காச்சணும்னு அவளே சொன்னா. தலை முழுகி, அந்த மதுரை வளையலப் போட்டுக்கிட்டு, நெலையில மஞ்சக் குங்குமம் வச்சு, வலது காலை எடுத்து வச்சு உள்ள போயி அடுப்பு மூட்டிப் பால் வச்சா. அத்தை என்னை இங்கனயே, இந்தக் கல்லுகிட்டயே நிறுத்திக்கிட்டாக. நீ போகாதடின்னாக. பெரியவரு அவ துணிப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து வாசப்படியில வச்சு உள்ள தள்ளுனாரு. கதவைச் சாத்துனாரு. தாழ்ப்பாளைப் போட்டாரு.

மொதல்ல அவ சிரிச்சா மதினி. வெளையாடுறாருன்னு நெனச்சு. கதவைத் தட்டித் தட்டிச் சிரிச்சா. தெறங்க, பால் பொங்குதுன்னா.

பெரியவரு கதவுல நெத்திய வச்சுக்கிட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் சோலை, டாக்டரு தனியா வைக்கச் சொல்லியிருக்காரு, வெளிய தெரிஞ்சா நம்ம வெத்தலையை ஒருத்தரும் தொட மாட்டாகன்னு மெள்ளமாச் சொன்னாரு. சிரிப்பு நின்னுச்சு. பால் பொங்கி அடுப்புல ஊத்துன வாசம் மட்டும் இங்க வரைக்கும் வந்துச்சு. பெறகு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

அப்ப கலரு எதுக்குங்க கேட்டீகன்னா.

இவரு சொன்னாரு, நீ இருக்கப் போற எடம், உனக்குப் புடிச்சதா இருக்கட்டும்னு. சொல்லிட்டு அந்தா அந்தக் கெணத்துமேட்டுல போயி உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாரு. பொய் அழுகை இல்ல, நான் பாத்தேன். அதுதான் மதினி எனக்குப் பயமா இருந்துச்சு. கெட்டவன்னா காறித் துப்பிட்டுப் போயிரலாம். அவகிட்ட நேரச் சொல்லியிருந்தா, அவளே பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயி அங்க இருந்திருப்பா. அம்புட்டு நல்லவ. ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாம, இம்புட்டு அழகாக் கட்டிவச்சாரு.

சோறு நான்தான் கொண்டுபோவேன், அந்தப் பூனை வழியில. வேற யாரும் கிட்டப் போகல.

மலைக்கா? மலைக்கு எப்பப் போனான்னா கேக்குறீக? சொல்றேன், இருங்க, எந்திரிக்காதீக.

படுத்துக் கெடந்த ஓய்வு, ஆட்டுப்பாலு, முட்டை, இதுல என்ன சேந்துச்சோ, அடுத்த வருசம் மழைக்காலத்தோட அவளுக்கு இருமல் நின்னுபோச்சு. உடம்பும் தேறிருச்சு. நான் அத்தைகிட்டப் போயிச் சொன்னேன். அத்தை, அந்த நோவு பதுங்கும், போகாதுடின்னாக. பெரியவரு ஆத்தா மொகத்தப் பாத்துட்டு, மம்பட்டியத் தூக்கிக்கிட்டுக் கொடிக்காலுக்குப் போயிட்டாரு. அதுக்குள்ள வாரிசு வேணும்னு பொண்ணு பாக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டாம் தாரமாக் குடுக்க ஆளு இருக்கு, எலும்புருக்கி இருக்கிற வீட்டுக்கு யாரு குடுப்பா? அப்பக் கட்டுனதுதான் இந்த மலைக்காய்ச்சல் கதை. அவளுக்கு அப்பன் ஆத்தா இல்ல, அண்ணன் மலையோட மலையாப் போனவன், எட்டிப் பாக்க மாட்டான். ஊருக்குச் சொன்னாக, வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சுக சனங்க. வைகையில எறங்கிக் கருமாதியும் முறையாப் பண்ணுனாக. எள்ளும் அரிசியும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். வடை, பாயாசத்தோட சாப்பாடு. எல்லாரும் சாப்புட்டுப் போன பெறகு, அவளுக்கும் ஒரு தட்டுல வச்சுக் கொண்டுபோயிக் குடுத்தேன்.

என்ன தங்கம் விசேசம், பாயாசம் எல்லாம் வந்திருக்குன்னு கேட்டா.

கையை விடுங்க மதினி, வலிக்குது. கத்தாதீக. ஆமா. இப்பவும் உள்ளதான் இருக்கா.

தாழ்ப்பாள எடுத்துவிட எனக்குக் கை இல்லாம இல்ல. எடுத்தேன் ஒருநாளு, அத்தை சந்தைக்குப் போயிருந்தப்ப. கதவை அகலமாத் தெறந்து வச்சுட்டு, போயிரு அக்கா, எங்கயாச்சும் போயிருன்னேன். அவ வாசப்படி வரைக்கும் வந்தா. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நின்னா. எங்க போகட்டும் தங்கம், கருமாதி முடிஞ்சவளுக்கு எந்த ஊருல பஸ்ஸு நிக்கும்னு கேட்டுட்டு, அவளே கதவை இழுத்துச் சாத்திக்கிட்டா. அதுக்கப்புறம் தாழ்ப்பாளுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்.

ஆனா நீங்க வாரீகன்னு தெரிஞ்சதுலருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளல. இப்பக்கூடக் கை கழுவ உங்களை இங்கிட்டுக் கூட்டிட்டு வந்தது என் ரோசனைன்னு நெனைக்காதீக. அவதான் கூட்டியாரச் சொன்னா. தன் கதை தன்னோட போகட்டும், அந்தப் புள்ளையப் பெத்தவ தெரிஞ்சுக்கிட்டுத் தாம்பூலம் மாத்தட்டும்னு சொன்னா. இம்புட்டு நேரமும் நான் சத்தமாப் பேசுனது எதுக்குன்னு நெனச்சீக? நான் எங்கயாச்சும் பூசி மொழுகிட்டா, உள்ளருந்து பலகையத் தட்டுவேன்னு சொல்லியிருந்தா. தட்டல பாருங்க.

அந்தா, உங்க வீட்டுக்காரரு கை கழுவ எந்திரிச்சுட்டாரு. தாம்பூலத் தட்டை எடுத்து வச்சுட்டாக. நீங்க போயி என்ன சொல்லணுமோ அது உங்க பாடு, உங்க பொண்ணு பாடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு அந்தக் கதவுகிட்டப் போயிட்டுப் போங்க. காலையிலருந்து என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா, எனக்குத் தெரியல. பொண்ணு பேரு என்னன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க மதினி.