மூன்றாம் கவுண்டர் முட்டுக்கட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, பொருளாளர் ஐயா அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் நிற்கும் ஜெராக்ஸ் கடைத் தம்பியே, படிப்பு முடிந்து போன பிறகும் மாலை போட்ட படத்தில் இருக்கும் இவருக்காகத் திரும்பி வந்திருக்கும் பிள்ளைகளே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அவர் வீட்டம்மாவே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கல்லூரி அலுவலகத்தை இருபத்தாறு வருடம் பெருக்கித் துடைத்தவள் நான். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஐந்து நிமிடம் பேசலாம் என்றார்கள். இருபத்தாறு வருடத்தை ஐந்து நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது? பார்க்கிறேன்.

மறைந்தவர் யார்? கட்டணப் பிரிவின் மூத்த எழுத்தர், மூன்றாம் கவுண்டர். நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளே, நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள்? முட்டுக்கட்டை! அவர் காதுபடவே கூப்பிட்டீர்கள். "டேய், கூட ஒரு சார் போட்டா வாய் வலிக்குமாடா?" என்பார். அவ்வளவுதான் அவருக்கு வரும் கோபம்.

ஏன் அந்தப் பெயர்? கல்விக் கடன் விண்ணப்பத்தை நீட்டினால் முதல் நாளே முத்திரை குத்திக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

"ஹாஸ்டல் எதுக்கும்மா? உன் வீடு ஒரு பஸ் தூரம்தானே?"

"எல்லாரும் ஹாஸ்டல்லதான் சார் இருக்காங்க."

"எல்லாரும் சேர்ந்து உன் கடனைக் கட்டுவாங்களா? சரி, லேப்டாப்புக்குத் தனியா ஒரு கடனா? லைப்ரரில ஒம்பது கம்ப்யூட்டர் தூங்குது. போய் எழுப்பு!"

"உங்க வீட்டுப் பணமா சார், ஏன் இப்படி இழுக்கறீங்க?" என்று ஒருத்தன் எகிறினான். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் வீட்டுப் பணமா இருந்தா இப்பவே எடுத்துக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்க மாட்டேன்டா. கடன் குடுக்கறவங்க கேப்பாங்க."

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடன் கேட்டு வரும் பிள்ளையை உட்கார வைத்து, அதே படிப்பை அதே கடனோடு படித்து முடித்த யாரோ ஒருவருக்கு அலுவலக போனில் அழைப்பார். "நீயே கேளு. சம்பளம் என்ன, தவணை போக மிச்சம் என்ன, ரெண்டே கேள்வி." பிள்ளை கேட்கும். எதிர்முனையில் பதில் வரும். போனை வைக்கும்போது அந்த முகம் வந்த முகமாகவே இருக்காது. அதன் பிறகுதான் அலமாரியைத் திறப்பார். எந்த அறக்கட்டளை எந்த மாதம் உதவித்தொகை தருகிறது, யாரிடம் மனுப் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். கவரும் தபால்தலையும் அவர் சொந்தச் செலவு. கடனே வாங்காமல் படித்து முடித்தவர்கள் இந்தக் கூடத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்காதீர்கள், அவர் வீட்டம்மா எண்ணி எண்ணி அழுதுவிடுவார்.

பொருளாளர் ஐயா, அந்த போனைப் பிடுங்கியது நீங்கள். மறக்கவில்லை. "கடன் வாங்கற பசங்களைப் பயமுறுத்தினா அட்மிஷன் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு மழை. சேற்றுக்காலோடு உள்ளே வந்தீர்கள். துடைத்தவள் நான். மறு வாரமே வராந்தாவில் கடன் கம்பெனிக்காரனுக்கு மேசை போட்டுக் கொடுத்தீர்கள், மிட்டாய்த் தட்டோடு. இவர் என்ன செய்தார்? தன் சொந்த போனை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விடலாமா?

என் மகள் பெற்றுவைத்துவிட்டுப் போன பெண்ணை வளர்த்தவள் நான். அவளுக்குக் கல்லூரி வயது வந்தது. இவர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இதே படிப்பு அரசுக் கல்லூரில இருக்கு. பஸ்ஸுல ஒரு மணி நேரம் கூட, அவ்ளோதான். இங்க வேண்டாம்க்கா. அப்ளிகேஷன் பாரம் நான் வாங்கித் தர்றேன்."

நான் கூட்டிய தரையில் என் பேத்தி புத்தகத்தோடு நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது அவருக்குப் புரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அவர் விடாமல் ஒரு பெண்ணுக்கு போன் போட்டு என் பேத்தி கையில் கொடுத்தார். அவள் காதில் வைப்பதற்குள் பிடுங்கி அணைத்தேன். "பெருக்கறவ பேத்திக்கு இது போதும்னு நினைக்கறீங்களா சார்?" என்று கேட்டேன். அந்த மனிதரைப் பார்த்துக் கேட்டேன்!

நேராக வராந்தாவுக்குப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் அந்தப் பொடி எழுத்தை யார் கண்டது? மிட்டாய் வேறு எடுத்துக்கொண்டேன். அதோடு மூன்று வருடம் அவரோடு பேச்சு இல்லை. எல்லா மேசைக்கு அடியிலும் பெருக்கினேன், அவர் மேசையை மட்டும் விட்டுவிட்டேன். சாயங்காலம் அவரே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொள்வார்.

பேத்தி படித்து முடித்தாள். இன்று துணிக்கடையில் பில் போடுகிறாள். வாங்கும் சம்பளத்தைவிடத் தவணை பெரிது. இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். நான் யாரிடம் போவேன்? எந்த முகத்தோடு போவேன்? அவரிடம்தான் போனேன்.

"அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உக்காருங்கக்கா, தாளைக் குடுங்க" என்றார். அபராத வட்டி தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். வியாழக்கிழமை கம்பெனிக்கு மூவரும் போவோம் என்றும், தானே பேசுவதாகவும் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை நானும் பேத்தியும் மட்டும் போனோம். "கூட யாரும் வரலையா பாட்டி?" என்றான் அங்கே இருந்தவன். வேறொரு தாளை நீட்டினான். "இதுல கையெழுத்துப் போட்டா பழைய கடன் அதோட முடிஞ்சிரும்."

"அப்ப புதுசு எப்ப முடியும்?" என்று கேட்டேன். சிரித்தான். திங்கட்கிழமை வரைதான் கெடு என்றான்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கமாம். அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். யார் தொடர்வீர்கள்? மூன்றாம் கவுண்டரில் இப்போது பூட்டுத் தொங்குகிறது, வராந்தா மேசை மட்டும் திறந்திருக்கிறது. என்னால் முடிந்தது ஒன்று உண்டு. அந்த வராந்தா மேசைக்கு எதிரே தினமும் வந்து உட்கார்வேன். பேனாவை எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் என் கதையைச் சொல்வேன். விரட்டினால் மறுநாளும் வருவேன். கேட்பார்களா? நானே கேட்கவில்லையே! இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

முதல்வர் ஐயா மணியைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமைத் தாள் இதோ, என் பையில் இருக்கிறது. இங்கே இத்தனை படித்தவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரே ஒருவர் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.