பதின்மூன்றில் ஒன்று

எனக்குச் சீட்டாடத் தெரியாது, மேடம். சீட்டுக்கட்டை வைத்துப் பாடம் நடத்த மட்டும்தான் தெரியும். இருபத்தேழு வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையிலேயே ட்யூஷன். ஐம்பத்திரண்டு சீட்டு, பாதி சிவப்பு, பாதி கறுப்பு, நாலு ஏஸ். நிகழ்தகவு சொல்லித்தர இதைவிட நல்ல சாமான் கிடையாது.

அண்ணன் பஸ் ஓட்டியவர். அண்ணி இறந்த பிறகு ஒற்றைப் பெட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தார். ட்யூஷன் நேரத்தில் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் 'பஸ் மாமா'.

ஒருநாள் சீட்டை எடுத்துக் காட்டி, திரும்பச் செருகி, கலைத்து, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஐந்து முறை கறுப்பு. அடுத்ததும் கறுப்பாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். பாதி என்பதுதான் விடை. முன்னால் வந்தது எதுவும் சீட்டுக்குத் தெரியாது.

அண்ணன் முந்திக்கொண்டார். "அஞ்சு தடவ கறுப்பு வந்தாச்சு. இனிமே செவப்புதான். எடுத்துப் பாரு வாத்தி."

எடுத்தேன். சிவப்பு, ஆர்ட்டின் ஏழு. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அது தற்செயல் என்று அன்று முழுக்க விளக்கினேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அரையாண்டுத் தேர்வில் என் மாணவி ஒருத்தி, 'ஐந்து முறை கறுப்பு வந்ததால் அடுத்தது நிச்சயம் சிவப்பு' என்று எழுதி, கீழே 'பஸ் மாமா சொன்னது' என்றும் சேர்த்திருந்தாள். தாளைத் திருத்தியவர் என்னோடு வேலை பார்த்தவர். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாராம்.

அண்ணனைத் தனியாக உட்காரவைத்துக் கெஞ்சினேன். தாளில் கிளை கிளையாக வரைந்து, எத்தனை விதமாக வரலாம் என்று எண்ணிக் காட்டினேன். தாளை அவர் பார்க்கவே இல்லை.

"புஸ்தகத்துல இருக்கறது வேற, கையில வர்றது வேறடா. உனக்குத் தோத்தா தாங்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் காலை ஆறரைக்கு டீயோடு பால்கனிக்குப் போவார். கம்பியில் முழங்கையை ஊன்றி, கீழே போகும் பஸ்களைப் பார்ப்பார். மூன்றாவது மாடி. கம்பியின் ஒரு முனை இரண்டு போல்ட்டில்தான் நின்றது.

நான் அவசரக்காரன் இல்லை. நியாயமாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கும் முன் கட்டைக் கலைத்து ஒரே ஒரு சீட்டு எடுப்பேன். ஏஸ் வந்தால் போல்ட்டைக் கழற்றுவது, வேறு எது வந்தாலும் விட்டுவிடுவது. ஐம்பத்திரண்டில் நாலு, அதாவது பதின்மூன்றில் ஒன்று.

முதல் நாள் ராணி வந்தது. அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மூன்று. எடுத்த சீட்டை ஒருநாளும் வெளியே வைத்ததில்லை. வெளியே வைத்தால் கட்டு குறையக் குறைய ஏஸ் வரும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அது அண்ணனுக்குச் செய்யும் அநியாயம்.

இருபத்து மூன்றாம் நாள் ஏஸ் வந்தது. இரண்டு போல்ட்டையும் நான்தான் கழற்றினேன். டீயும் நான்தான் போட்டேன். "இன்னிக்கி நல்லா இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே பால்கனிப் பக்கம் போனார்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள்: "ஏஸ் வரவே இல்லன்னா எப்ப சார் நிறுத்தியிருப்பீங்க?"

அதை நான் யோசிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் கணக்குப் போட்டு, இருபத்து மூன்று நாள் விடாமல் எடுத்தால் ஒரு தடவையாவது ஏஸ் வர நூற்றுக்கு எண்பத்து நாலு வாய்ப்பு என்றார். கணக்கு சரி. முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் அவர் எல்லா நாளையும் சேர்த்துவிட்டார், மேடம். பார்க்க வேண்டியது அந்த ஒரு காலையை மட்டும்தான். அன்றைக்கு அண்ணன் பிழைக்கப் பதின்மூன்றில் பன்னிரண்டு வாய்ப்பு கொடுத்திருந்தேன். கொல்ல நினைக்கிறவன் யாராவது அவ்வளவு கொடுப்பானா?