எரியுது என்று சொன்னேன்

எங்கள் தோட்டத்து ஒயினைச் சுவைத்துப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான், ஐயா: சுவைத்ததைத் துப்பலாமா? தாராளமாகத் துப்பலாம். அதற்கென்றே மேசையடியில் வாளி வைத்திருக்கிறோம். பர்கண்டிப் பக்கம் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது.

போன அக்டோபரில் என் கணவர் ஃபிர்மேன் இறந்ததை விபத்து என்று உங்கள் காவல் நிலையத்தில் எழுதி மூடிவிட்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடு சேர்ந்துதான் புளிக்கும். சாற்றை வடித்த பிறகு ஒருவர் தொட்டிக்குள் இறங்கிச் சக்கையை வாரி வெளியே தள்ள வேண்டும். புளிக்கும்போது கிளம்பும் வாயு அடியிலேயே தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆளை மூச்சடைத்துக் கொன்றுவிடும். அதனால் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி முதலில் உள்ளே இறக்குவோம். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி என் வேலை, மண்வெட்டி அவர் வேலை. நான் சொல்லாமல் அவர் ஏணியில் கால் வைத்ததே இல்லை.

அவரை நான் வெறுக்கவில்லை. நல்ல மனிதர், ஒருநாளும் கை ஓங்கியதில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு லா ரோஷெல்லில் மகள் வீட்டுப் பக்கம், கடலோரமாகப் போய்விடலாம் என்று கோடையில் வாக்குக் கொடுத்திருந்தார். வாங்குவதற்கு ஆளும் வந்தாயிற்று. நான் கோட்டுகளைக்கூட மடித்து வைத்துவிட்டேன்.

அன்று பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி சுவைக்க வந்திருந்தார்கள். முதல் ஒயினை ஊற்றியிருந்தேன். ஃபிர்மேன் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தார்.

"வசந்தத்துல மேட்டுச் சரிவு முழுக்கப் புதுக் கொடி நடப்போறோம்," என்றார் அவர்களிடம். "உருப்படியா ஒயின் குடுக்க இருவது வருசம் ஆகும். அதுவரைக்கும் இவதான் உங்களுக்கு ஊத்துவா. என்னடி அர்மேல், ஊத்துவல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிலவறைக்குப் போகும் வழியில் கேட்டேன். "அப்போ கடல்?"

"கடல் எங்க ஓடியா போயிடப் போகுது? நீ வந்து தொட்டியப் பாரு."

பார்த்தேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை, மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

"எரியுதா?" என்றார்.

"எரியுது. எறங்கு."

வாய் தவறி வந்துவிட்டது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். களைத்த வாயில் எந்தச் சொல்லும் வரும், இல்லையா? அவர் எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். நான் விருந்தாளிகளிடம் திரும்பிப் போனேன்.

கல்லறையில் பக்கத்துத் தோட்டத்து மார்ஸியால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவசரக்காரன்! மெழுகுவத்தி வெக்காம எறங்கிட்டான் பாரு. நல்லவேள நீயும் பின்னாடியே குதிக்கல." நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஃபிர்மேன் அவசரக்காரர் இல்லை. அந்தப் பழி அவர்மேல் நிற்பது எனக்கு வலிக்கிறது. அதற்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு காரணமும் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடத்து வேலையை ஊரே இழுத்துப்போட்டுச் செய்வது எங்கள் வழக்கம். மறுநாளே வந்துவிட்டார்கள். சக்கையைப் பிழிந்தார்கள், பீப்பாய்களை நிரப்பினார்கள், குளிரில் நின்று கொடிகளைக் கவாத்து செய்தார்கள். வசந்தம் வந்ததும் ஒருநாள் காலையில் என்னைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேட்டுச் சரிவு முழுக்கப் புதுக் கொடி நட்டிருந்தார்கள்.

"அவன் ஆசப்பட்டது," என்றான் மார்ஸியால். "விக்கணும்னு மட்டும் நெனச்சிடாத. நாங்க இருக்கோம் ஒனக்கு."

எந்த வாயால் விற்கிறேன் என்பது? விதவை ஊற்றித் தருகிறாள் என்று கேள்விப்பட்டு, இப்போது முன்னைவிடக் கூட்டம் வருகிறது. தாங்க முடியவில்லை, ஐயா.

மண்வெட்டிச் சத்தம் நின்றதும் ஏன் ஓடவில்லை என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறீர்கள். வாய் தவறியதாகவே இருந்தால் ஓடியிருக்கலாம்தான்.

சத்தம் நின்றபோது இரண்டாவது ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தேன். விசிறியின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. இன்னும் இரண்டு சிவப்பு பாக்கி. லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பது முறை. வரிசை தப்பாமல் இரண்டையும் ஊற்றினேன். கடைசி ஒயினில் செர்ரிப்பழ வாசனை வருகிறதா என்று அந்த அம்மாள் கேட்டார். வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"ஒங்க வீட்டுக்காரரும் வந்து ஒக்காரலாமே," என்றார்.

"வேலையா இருக்கார்," என்றேன்.

அவருக்காக அவர்கள் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டேன். அவசரப்படாமல் முழுவதும் குடித்தேன். எங்கள் ஒயின் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா.