பூனையைப் பாடம் செய்தவர்கள்

சூலே பகோடா நிறுத்தத்தில் லைங் தாயா போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். மனைவியின் மடியில் துணியால் வாய் கட்டிய மண்பானை.

"குடலை எடுத்தீங்களா, இல்லையா?" என்றாள் மனைவி.

நான் காதைக் கொடுத்தேன்.

"அந்தக் காலத்து எகிப்துல பூனையைக்கூடப் பாடம் பண்ணுவாங்களாம், வள்ளி. குடலை எடுத்துட்டு, நாள்கணக்கா உப்புல போட்டு வெப்பாங்க. போன்ல பார்த்தேன்."

"நீங்க எடுத்தீங்களான்னு கேட்டேன்."

"கத்தியை எடுத்தேன். மனசு வரலை. பத்து வருசமா என் கால்மாட்டுல படுத்த பூனை. உப்பு மட்டும் போட்டுட்டேன்."

"மக ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்லேருந்து வர்றா. முகத்தைப் பார்க்காமப் புதைக்கக் கூடாதுன்னு போன்ல அப்படி அழுதா. இந்த நாத்தத்துல எதைக் காட்டுறது?"

"உன் தம்பி வீட்டுல ஐஸ் பெட்டி இருக்குல்ல?"

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்."

பக்கத்தில் நின்ற பர்மியப் பெண்மணி பானையருகே குனிந்து மோந்து பார்த்தாள். "ஙப்பியா? எங்க வாங்கினது?" என்று பர்மியத்தில் கேட்டாள். உப்பில் ஊறவைத்த மீன் விழுது என்று நினைத்துவிட்டாள்.

"வீட்டுல போட்டது," என்று பர்மியத்திலேயே சொன்ன மனைவி, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பெண்மணி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்க அக்கா. முதல் தடவை எல்லாருக்கும் கெட்டுத்தான் போகும். உப்பு பத்தலை."