காட்டூரில் நர்ஸையும் உதவியாளரையும் உள்ளே வைத்துப் பூட்டியது

என் பெயர் பேட்ரிசியா, வயது 49, கணவர் காலமாகிவிட்டார். திருச்சி காட்டூரில் வாடகை வீட்டில் தம்பி பெனடிக்டுடன் இருக்கிறேன். அவன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்து, இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனதால் பாரம் தூக்கக் கூடாது. அதன் பிறகு புரட்டிவிட ஆளில்லாமல் அவன் முதுகில் புண் வைத்துவிட்டது.

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஆஃப்ரின் செவ்வாய்தோறும் வருவார். புண்ணுக்கு மருந்து போடுவது அவர் வேலை, ஆளைப் புரட்டுவது அவர் வேலை இல்லையாம். பராமரிப்புத் திட்டத்திலிருந்து உதவியாளர் டோனி வியாழன்தோறும் வருவார். புரட்டுவது அவர் வேலை, ஆனால் புண் உள்ள ஆளை நர்ஸ் இல்லாமல் தொடக் கூடாதாம். ஐந்து வாரம் இருவரும் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். புண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கை காலியானது. இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட்ட படிவம் நாளை சனிக்கிழமை மாலைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் படுக்கை வேறு ஆளுக்கு என்றார்கள். இருவரிடமும் கெஞ்சினேன். கடிதம் வரட்டும் என்றார் ஒருவர், மேலதிகாரி சொல்லட்டும் என்றார் மற்றவர்.

எனவே இன்று காலை, கட்டில் ஒடிந்துவிட்டது என்று டோனிக்கும், ரத்தம் நிற்கவில்லை என்று நர்ஸுக்கும் போன் செய்தேன். இரண்டும் பொய். பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். தம்பியின் அறையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும், "நீங்க முடிச்சிட்டுப் போங்க, நான் அப்புறம் வரேன்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தாத்தான் திறப்பேன்" என்றேன்.

சற்று நேரம் கதவைத் தட்டினார்கள், ஆபீசுக்கும் போலீசுக்கும் போன் செய்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் கட்டிலருகே போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டோனி அவனை ஒருக்களித்துப் பிடித்திருக்க, நர்ஸ் புண்ணில் ஒட்டியிருந்த துணியைப் பிரித்தார். எலும்பு தெரிந்தது. "ஐயோ, இவ்வளவு ஆயிடுச்சா" என்றார். ஐந்து வாரமாக நான் வேறென்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மருந்து வைத்துக் கட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதன் பிறகு திறந்துவிட்டேன். யாரையும் அடிக்கவில்லை. திட்டினேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். முதல் வாரமே பூட்டாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறேன்.

மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று அந்தப் படிவத்தை வழக்குக்காக எடுத்துக்கொண்டீர்கள். நகல் கேட்டால், திங்கட்கிழமை கோர்ட்டில் மனுப் போடு என்கிறீர்கள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்த உண்மை. பூட்டியதற்கு என்னை உள்ளே வையுங்கள், படிவத்தை மட்டும் நாளை மாலைக்குள் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

(ஒப்பம்) பேட்ரிசியா