மாட்டுக்காகக் கட்டிய ஹாரன்

எனக்கு எழுத்து கோணல், மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். வேங்கிக்காலில் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"புது பைக்குல அப்பாவோட பழைய ரப்பர் ஹாரனாண்ணா? ஐஸ் விக்கப் போறியா?"

"சிரிக்காத. அப்பா போனதுலேர்ந்து மாடு சரியா திங்கல. புல்லுக்கட்டோட வரும்போது தெருமுனையிலயே ரெண்டு தடவ அடிப்பாரே! அதான் நானே வீட்டுல கம்பி வெச்சுக் கட்டினேன்."

"அடிச்சியா?"

"அடிச்சதும் எழுந்துடுச்சு. பைக்குக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாத்து அப்பாவத் தேடிச்சு. அப்புறம் என்னை மோந்துட்டு, ஒரு வாய் தின்னுச்சு."

தங்கை சிரிக்கவில்லை. "நானும் ஒருதடவ அடிக்கணும்ணா" என்றாள்.

அவர்கள் இறங்கியது அடி அண்ணாமலையா, அதற்கு முந்திய நிறுத்தமா, நினைவில்லை. அந்தப் பக்கத்தார் யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். மாடு இப்போது வயிறாரத் தின்கிறதா என்றும் கேளுங்கள்.